நான்கு டிகிரியில் சிவப்பு

பிப்ரவரி 9

என் பெயிண்ட்காரருக்கு,

பாப்பாவின் ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா என்று முதலில் எழுதுங்கள். மற்ற நலம் விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை போனைப் பாதியில் வைத்தது என் தப்புதான். நீங்கள் சொன்னபடியே செய்வோம். இனி போன் பாப்பாவுக்கு, கடிதம் நமக்கு. போனில் மூன்றாவது நிமிடம் “எப்ப வர்ற?” என்று ஆரம்பிக்கிறீர்கள், ஐந்தாவது நிமிடம் நான் வைத்துவிடுகிறேன். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. எழுதியதை முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும்.

“மூணு வருஷமா அங்க உக்காந்து என்னதான் பண்ற?” என்று கேட்டீர்கள். கோபத்தில் கேட்டதுதான், இருந்தாலும் பதில் சொல்கிறேன். துருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டு ஜன்னல் கம்பியில் இருப்பதைப் பார்க்கக்கூடாதா என்பீர்கள், தெரியும். இது செவ்வாய்க் கிரகத்துத் துரு. அங்கே போய் அள்ள முடியாததால் இங்கே நாங்களே உண்டாக்குகிறோம்.

நான்கு டிகிரியில் வைத்த ஒரு குளிர் அறை இருக்கிறது. அதில் நாற்பது கண்ணாடி ஜாடி. ஒவ்வொன்றிலும் இரும்பு உப்பு கரைத்த தண்ணீர். பதினான்கு மாதத்தில் ஜாடியின் அடியில் துரு படிந்தது. அதைக் கட்டியாக எடுத்து உலர்த்தி, அரைத்து, அகச்சிவப்பு ஒளியில் வைத்துப் பார்க்கிறேன். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு கனிமமும் அதில் தனக்கு வேண்டிய பங்கை மட்டும் விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்பும். விழுங்கிய இடத்தில் திரையில் ஓடும் கோடு பள்ளமாக இறங்கும். செவ்வாயைச் சுற்றும் விண்கலமும் அங்குள்ள தூசியை இப்படித்தான் பார்க்கிறது. அதன் பள்ளமும் என் பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்தால் இரண்டும் ஒரே துரு. என்னுடையது எப்படி உண்டானது என்று எனக்குத் தெரியும். ஆகவே அங்குள்ளதும் எப்படி உண்டாகியிருக்கும் என்று சொல்லலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் ஜாடிகளில் சிவப்புத் துரு கிடைத்திருக்கிறது. சூடே இல்லாமல், வெறும் நான்கு டிகிரியில். குளிர்ந்த தண்ணீரில் மஞ்சள் துருதான் வரும், அது சிவக்க வெப்பம் வேண்டும் என்றுதான் எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் நினைத்திருந்தோம். இது மட்டும் உறுதியானால் அந்தக் கிரகம் ஒரு நாளும் வெதுவெதுப்பாக இருக்காமலேயே சிவந்திருக்கலாம் என்று ஆகிறது. எங்கள் ஆய்வகத் தலைவியம்மா வந்து என் திரையில் இருந்த கோட்டைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார். அவரைப் பொறுத்தவரை அது பாராட்டு விழா.

வேலை என்று பார்த்தால் பெரும்பாலும் சலிப்புதான். குளிர் அறையில் விரல் மரத்துப்போகிறது. வெளியே வந்ததும் கட்டியை எஃகு டப்பாவில் போட்டு, எஃகு உருண்டைகளையும் போட்டு மில்லில் மாட்டுவேன். அரை மணி நேரம் குலுக்கி அரைக்கும். நின்றதும் அந்த டப்பாவை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொள்வேன். அடுப்பிலிருந்து இறக்கியது போல இருக்கும். நாள் முழுவதிலும் எனக்குப் பிடித்த ஐந்து நிமிடம் அதுதான்.

கட்டுரையை மார்ச்சில் அனுப்பிவிடுவோம். ஜூன் இருபதாம் தேதி வீட்டில் இருப்பேன். இந்தக் கடிதத்தோடு பாப்பாவுக்கு இரண்டு பொட்டலம் வைத்து அனுப்புகிறேன். ஒன்றில் ஜாடியிலிருந்து எடுத்த கட்டி, ஒன்றில் அரைத்த தூள். வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 27

செவ்வாய்க்காரிக்கு,

பல் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் விழுந்து, கைக்குட்டையில் முடிந்து, கைக்குட்டையோடு தொலைந்தும் விட்டது. ஒரு சாயங்காலம் முழுக்க அழுகை. அடுத்த பல்லுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பொட்டலம் இரண்டும் அவள் மேசையில் இருக்கின்றன. “இது அம்மா செஞ்ச செவ்வாய், யாரும் தொடக் கூடாது” என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறாள். யாரும் என்றால் நான்தான், வேறு யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில்.

கம்பெனியில் வழக்கம் போலத்தான். போன வாரம் ஒருவர் கலர் ரூமுக்கே நேரில் வந்துவிட்டார். அவருடைய வரவேற்பறைச் சுவருக்கு மழை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் வானத்தின் நிறம் வேண்டுமாம். ஏழு தடவை கலந்தேன். ஏழாவதைப் பார்த்துவிட்டு, “இது மழை வந்ததுக்கு அப்புறம் இருக்கிற மாதிரி இருக்கு” என்றார். எட்டாவதாக மூன்றாவதையே வேறு டப்பாவில் ஊற்றிக் காட்டினேன். ரொம்பத் திருப்தியாகப் போனார்.

பாப்பாவை மூன்று மணிக்கு அக்கா கூட்டிவந்து தன் வீட்டில் வைத்துக்கொள்கிறாள். ஆறரைக்கு நான் போய் அழைத்து வருகிறேன். அக்கா வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் கதவைத் திறக்கும்போது என்னைப் பார்ப்பதற்கு முன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். இப்போதெல்லாம் அந்தக் கதவைத் தட்டும் முன்னால் நானும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் இருபது என்று எழுதியிருக்கிறாய். எழுதியதைப் படித்தேன், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாப்பாவுக்கு நான்கு வயதில் இரண்டு வருடம் என்று சொல்லிப் போனாய். பிறகு ஒரு டிசம்பர் சொன்னாய். அது ஆகஸ்ட் ஆயிற்று. ஆகஸ்டில் பத்து நாள் விருந்தாளி மாதிரி வந்து இருந்துவிட்டுப் போனாய். உன் டம்ளர் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டாய், அது எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தத் தேதியும் மாறினால் நான் சண்டை போடமாட்டேன். காத்திருக்கவும் மாட்டேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. பளுவைத் தூக்கிக்கொண்டு நிற்பவன் இன்னும் எவ்வளவு நேரம் முடியும் என்று முன்கூட்டியே சொல்வதில்லையா, அந்த மாதிரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
பெயிண்ட்காரன்


மார்ச் 15

என் பெயிண்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எட்டாவது டப்பா கதையைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். டம்ளர் கதையைச் சொல்லவில்லை.

கட்டுரை போய்விட்டது. என் பெயர்தான் முதலில். தலைவியம்மா தன் பெயரைக் கடைசியில் போட்டுக்கொண்டு, “இது உன்னோடது, நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்” என்றார். அடுத்த விண்கலத்தைச் செவ்வாயில் எங்கே இறக்கலாம் என்று யோசிக்கும் குழு ஒன்று அதற்குள் ஒரு நகல் கேட்டு வாங்கியிருக்கிறது. நான் நாற்பது ஜாடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு யாரோ எங்கேயோ வரைபடத்தில் புள்ளி மாற்றி வைக்கிறார்கள்.

சந்தோஷமாக இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் அதைவிடத் தூக்கம்தான் அதிகம் வருகிறது. நேற்றுக் குளியலறையில் தலை துவட்டிக்கொண்டே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். மூன்று வருடத் தூக்கம் பாக்கி இருக்கிறது போலிருக்கிறது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜூன் இருபது, காலை பதினொன்றரை மணி. இந்த முறை மாறாது. வந்ததும் ஒரு வாரம் நான் ஒன்றும் செய்யமாட்டேன், பாப்பாவைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன். உங்கள் அக்காவிடம் நானே பேசுகிறேன். டம்ளர் எங்கே என்று கேட்கமாட்டேன், நானே தேடிக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 17

செவ்வாய்க்காரிக்கு,

பதில் ஏன் வரவில்லை என்று பாப்பாவிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்கிறாய். அப்பாவுக்கு வேலை அதிகம் என்று சொல்லச் சொன்னேன். வேலை ஒன்றும் அதிகம் இல்லை. இந்தக் கடிதத்தை எழுதப் பயந்துகொண்டு இருந்தேன்.

மார்ச் பதினான்காம் தேதி பாப்பாவின் மேசையைத் துடைக்கும்போது கட்டிப் பொட்டலம் கீழே விழுந்தது. ஓரத்தில் கொஞ்சம் உடைந்து தரையில் இழுபட்டது. இழுபட்ட கோடு மஞ்சளாக இருந்தது. பழுப்பு கலந்த மஞ்சள். பக்கத்துப் பொட்டலத்தில் இருக்கும் தூள் நல்ல சிவப்பு. கட்டியும் தூளும் நிறத்தில் கொஞ்சம் வித்தியாசப்படும், அது எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு இல்லை. இருபது வருடமாக இந்த இரண்டு நிறத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன். பெயிண்டுக்குப் போடும் மஞ்சள் ஆக்சைடும் ரெட் ஆக்சைடும் துருதானே, எனக்குச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி.

கம்பெனியில் சேர்ந்த புதிதில் நான் அரைக்கும் பிரிவில் இருந்தது உனக்குத் தெரியும். ஒரு நாள் மஞ்சள் ஆக்சைடு கொஞ்சம் எடுத்துச் சின்ன மில்லில் தண்ணீர் விடாமல், வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சிவந்து கிடக்கிறது. ஃபோர்மேன் டப்பாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அரைக்கச் சொன்னா வறுத்து வச்சிருக்க” என்றார். உருண்டை மோதி மோதி உள்ளே ஏறும் சூடு வெளியே தெரிவதைவிட அதிகம். சில மஞ்சள் தாங்கும், சில தாங்காது.

உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். டப்பாவை உள்ளங்கையில் வைத்துக் குளிர் காய்ந்ததை எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் ஃபோர்மேன் தொட்டுப் பார்த்த அந்த டப்பாதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளப் பாப்பாவுக்குத் தெரியாமல் கட்டியில் ஒரு சிட்டிகை எடுத்துப் போனேன். பாதியைக் கையால், தண்ணீர் விட்டு, மெதுவாக அரைத்தேன். மஞ்சளாகவே இருந்தது. மீதியை எங்கள் சின்ன மில்லில் உலர்வாகப் போட்டு அரை மணி நேரம் ஓட்டினேன். சிவந்துவிட்டது. உன் ஜாடியில் வந்தது மஞ்சள். சிவப்பு மில்லில் வந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது, டிக்கெட் எடுத்த செய்தியோடு. நான் என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். இது எனக்கு மட்டும்தான் தெரியும், நான் வாயைத் திறக்காவிட்டால் நீ ஜூன் இருபது வருவாய் என்று நினைத்தேன். ஒரு தடவை இல்லை, தினமும் நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு நீ வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதை யோசித்துப் பார்த்தேன். எவனோ எங்கேயோ நீ சொன்ன இடத்தில் விண்கலத்தை இறக்கிக்கொண்டிருப்பான். என்றைக்காவது வேறு யாரோ கண்டுபிடிப்பான். நீ அழுவாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஒன்றும் தெரியாதது போல முதுகைத் தடவ வேண்டும். என்னால் ஆகாது.

நான் பெயிண்ட்காரன், நீ படித்தவள். நான் சொல்வது தப்பாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடு. தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை.

உன்,
பெயிண்ட்காரன்


மே 6

என் பெயிண்ட்காரருக்கு,

நீங்கள் சொன்னது சரி.

கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அப்போதே எழுதியிருந்தால் என்னென்னவோ எழுதியிருப்பேன். முதல் கோபம், துரு பற்றி எனக்கு நீங்கள் சொல்லித்தருவதா என்று. அது அரை மணி நேரம் இருந்தது. இரண்டாவது கோபம் இன்னும் இருக்கிறது. முப்பத்து நான்கு நாள் வைத்துக்கொண்டிருந்தீர்கள். அதற்குள் அந்த நகல் இன்னும் மூன்று இடத்துக்குப் போய்விட்டது. உங்கள் காரணம் புரிகிறது, புரிவதால்தான் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

மீதியிருந்த கட்டி ஒன்றைக் குளிர் அறைக்குள்ளேயே உட்கார்ந்து கையால் அரைத்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அகச்சிவப்பில் வைத்தேன். சிவப்புக்கான பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு சமமாகப் போனது. மஞ்சளுக்கான இரட்டைப் பள்ளம் அழகாக இறங்கியிருந்தது. இவ்வளவு தெளிவான கோடு மூன்று வருடத்தில் எனக்கு வந்ததில்லை.

எப்படி விட்டோம் என்று கேட்பீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த மஞ்சளும் சிவப்பும் வெளியில் வாங்கியவை. அரைத்தே வந்தவை. அவற்றை நாங்கள் மில்லில் போடவே இல்லை. போட்டிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். கட்டியின் மேல் மஞ்சளாகத் தெரிந்ததை உப்பு என்று நினைத்துத் தள்ளிவிட்டோம். நாற்பது ஜாடியையும் கவனித்துக்கொண்டு டப்பாவைக் கவனிக்கவில்லை.

தலைவியம்மா கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, “யார் கண்டுபிடிச்சது?” என்று மட்டும் கேட்டார். என் வீட்டுக்காரர், பெயிண்ட் கம்பெனியில் இருக்கிறார் என்றேன். அந்தக் கோட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு, “அவரை நாம மூணு வருஷம் முன்னாடியே வேலைக்கு எடுத்திருக்கணும்” என்றார். அன்றைக்கே கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். நகல் வாங்கியவர்களுக்கெல்லாம் நானே எழுதினேன். ஒவ்வொன்றிலும் ‘தவறு என்னுடையது’ என்று எழுதிக் கை வலிக்கிறது.

இனிமேல்தான் எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி. குளிரில் மஞ்சள்தான் என்றால் அது எந்த வெப்பத்தில், எவ்வளவு காலத்தில் சிவக்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தால்தான் அந்தக் கிரகம் எப்போது வெதுவெதுப்பாக இருந்தது என்று சொல்ல முடியும். புது ஜாடிகள், பதினெட்டு மாதம். தலைவியம்மா இரண்டு வழி சொன்னார். எல்லாவற்றையும் பக்கத்து மேசைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஜூனில் கிளம்பலாம். அல்லது இருந்து நானே செய்யலாம்.

உங்களிடம் நான் பொய் சொன்னதில்லை. தேதிகளை மாற்றியிருக்கிறேன், பொய் சொன்னதில்லை. எனக்கு இருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. தப்பாகச் செய்ததைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால் அங்கே நான் என்னவாக இருப்பேன் என்று தெரியவில்லை. அதே சமயம் பாப்பாவின் குரலைக் கேட்டால் அன்றைக்கு முழுக்க வேலை ஓடுவதில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

டிக்கெட்டை இன்னும் ரத்து செய்யவில்லை. ‘வா’ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், வந்துவிடுகிறேன். ஏன் என்று கேட்கமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்காரி


மே 19

செவ்வாய்க்காரிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. இந்த முறை நான் தாமதம் செய்யவில்லை, குறித்துக்கொள்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். நீ கோபப்பட வேண்டிய விஷயம்தான். உங்கள் தலைவியம்மாவிடம், எனக்கு இங்கேயே வேலை சரியாக இருக்கிறது என்று சொல்.

‘வா’ என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்கிறாய். மூன்று வருடமாக நான் அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போனில் சொன்னேன், சண்டையில் சொன்னேன், பாப்பாவை விட்டும் சொல்ல வைத்தேன், அது எனக்கு இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அப்போதெல்லாம் காதில் விழவில்லை. இப்போது அந்த வார்த்தையைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு நீ ஒதுங்கி நிற்கிறாய். இது நியாயமில்லை.

நான் எழுதினால் நீ வருவாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வந்து பாப்பாவுக்குத் தலை வாரிவிடுவாய், துணி மடிப்பாய், உன் ஜாடிகளை அந்தப் பக்கத்து மேசைக்காரர் பார்த்துக்கொள்வார். ஒரு வருடம் கழித்து, குழாயை நான் சரியாக மூடாத ஒரு நாளில், “நீங்கதானே வான்னு எழுதினீங்க” என்பாய். நான், “நீதானே எழுதச் சொன்ன” என்பேன். அந்தச் சண்டைக்கு இப்போதே எனக்குத் தெம்பில்லை. ஆகவே எழுதவில்லை.

பிப்ரவரியில் நான் சொன்னதும் மாறவில்லை. உன்னைத் தண்டிப்பதற்காக இல்லை. உன் மேல் அன்பில்லாமலும் இல்லை, அது இருக்கிறது, எங்கேயும் போகவில்லை. காத்திருக்கத்தான் முடியவில்லை. காலையில் எழுந்தால் இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிவிட்டுத்தான் பல் துலக்குகிறேன். இன்னும் பதினெட்டு மாதம் அப்படி எழுந்தால் நீ வரும்போது உன்னை வரவேற்க இங்கே நல்ல மனிதன் ஒருவன் இருக்கமாட்டான். வேறு யாரும் இல்லை, அந்த மாதிரி எதுவும் நினைக்காதே. பிரிவதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய தாள்களையெல்லாம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், எனக்கு அவசரம் எதுவும் கிடையாது. அக்காவிடம் சொல்லிவிட்டேன். வாயே திறக்காதவள், “அவ மேலயும் தப்பில்லடா” என்றாள்.

பாப்பாவிடம், அம்மா ஜூனில் வரவில்லை என்றேன். “அப்ப எப்ப?” என்றாள். “தெரியலம்மா” என்றேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு தேதி சொல்லாமல் விட்டேன். அழுதாள். நானும்தான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “லீவுக்கு நான் அங்க போலாமா?” என்று கேட்டாள். போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அக்கா கொண்டுவந்து விடுவாள். முழு லீவும் உன்னோடு இருக்கட்டும். உன் ஜாடிகளைக் காட்டு, தொட விடாதே.

வேலையை நன்றாகச் செய். நீ நன்றாகச் செய்வாய் என்று எனக்குத் தெரியும், தெரியாதவனுக்குச் சொல்வது போல இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

டிக்கெட்டை நீயே ரத்து செய்துவிடு. பாப்பாவுக்கு எப்போதும் போல ஞாயிற்றுக்கிழமை போன் செய். அந்த நேரத்தில் நான் கடைக்குப் போய்விடுவேன், நீங்கள் இரண்டு பேரும் நிதானமாகப் பேசலாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா